மூன்று விரல் நுனிகள்

பக்கத்து வீட்டில் பூண்டு வதங்குகிறது. எண்ணெயில் விழுந்த முதல் சீறல் கேட்டது. பின்னாலேயே மணம். சுவரைத் தாண்டி, ஜன்னலைத் தாண்டி, மூக்கில் நுழைந்து நேராக என் கைக்குப் போகிறது. ஆமாம், கைக்குத்தான். மற்றவர்களுக்கு அந்த மணம் பசியைக் கிளப்பும். எனக்கு விரல் நுனிகளைப் பார்க்கத் தோன்றும். என்னுடையவற்றை, எதிரே யார் நின்றாலும் அவர்களுடையவற்றை. கொடைக்கானலை விட்டு இறங்கித் திண்டுக்கல்லுக்கு வந்த பிறகும் இது போகவில்லை. காய்க்காரி கீரைக்கட்டை நீட்டினால் நான் கீரையைப் பார்ப்பதில்லை.

போன மாதம் இங்கே ஓர் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண். விரலில் தோல் உரிகிறது என்று சொல்லிக் கையை நீட்டினாள். அவள் நீட்டி முடிப்பதற்குள் சீட்டு எழுதியாகிவிட்டது. டியூப் மருந்து. நல்ல மருந்துதான், குறை சொல்ல மாட்டேன். எங்கள் காலத்தில் அது இருந்திருந்தால் எத்தனை பேர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்! ஆனால் அந்தக் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. திரும்பிப் போகும்போதும் பாதி நீட்டியபடியே இருந்தது. அன்றிலிருந்து எனக்கு மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மதுரையில் நர்ஸ் பயிற்சி. அந்த வருடங்களுக்கு ஒரு வரி போதும்: நின்றோம், கழுவினோம், திட்டு வாங்கினோம், மறுபடி கழுவினோம். பிறகு மலை. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் தகரக்கூரை போட்ட ஒரு சின்ன டிஸ்பென்சரி. முன்னறையில் பெஞ்சும் பின்னறையில் ஒரு கட்டிலும் இருந்தன. ஐம்பதுகளின் தொடக்கத்தில் அதற்குள் போனவள், அது மூடப்பட்ட நாளில்தான் வெளியே வந்தேன்.

அதை நடத்திய டாக்டரம்மா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். குட்டையானவர். குளிரோ வெயிலோ, ஒரே சாம்பல் நிற ஸ்வெட்டர். யாரிடமும் அவர் "பயப்படாதே" என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன்.

"பயப்படாதேன்னு சொன்னா, பயப்பட ஏதோ இருக்குன்னு ஆயிரும் பிள்ளே. கையைப் பாரு. பார்த்தாலே பாதி பயம் போயிரும்."

மீதிப் பாதி? அது என்னிடம் தங்கிவிட்டது.

மலையில் விரல் நுனி உரியாத ஆள் யார்? பனி அடிக்கிற மாதங்களில் பாதி ஊர் தோலை உரித்துக்கொண்டு நிற்கும். துணி வெளுப்பவர்களுக்குச் சோடாவால் உரியும். ஓட்டல் சமையல்கட்டில் பாத்திரம் தேய்க்கிறவர்களுக்குச் சாம்பலும் தண்ணீரும் சேர்ந்து உரிக்கும். கடும் காய்ச்சல் விட்ட குழந்தைகளுக்கு, பாம்பு சட்டை கழற்றுவதுபோல, நுனியிலிருந்து தோல் கழன்று வரும். எனக்கே உரிந்தது. லைசால் கிருமிநாசினித் தண்ணீரில் ஒரு நாளைக்கு எத்தனை முறை கை நனைத்தேனோ, யார் கண்டது. ஆளுக்கொரு வைத்தியம் இருந்தது. தேங்காய் எண்ணெய், வெண்ணெய், கற்றாழைச் சோறு, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். எண்ணெயும் வெண்ணெயும் கெடுதல் செய்ததில்லை. மஞ்சள் சிலருக்குக் கேட்டது, சிலருக்கு எரிந்தது. சுண்ணாம்பு வைத்துக்கொண்டு வந்தவர்களைத்தான் டாக்டரம்மா முறைத்துப் பார்ப்பார்.

பஜாரில் மளிகைக்கடை வைத்திருந்த காதர் பாய் ஒரு குளிர்காலத்தில் பத்து விரலும் செந்நிறமாக வந்து நின்றார்.

"கையை எதுல கழுவுவீங்க பாய்?" என்றார் டாக்டரம்மா.

"மண்ணெண்ணெயிலதான். நாளெல்லாம் அழுக்கு, பிசுக்கு. தண்ணிக்கு அது போகாதும்மா."

"அப்புறம்?"

"அப்புறம் மண்ணெண்ணெய் நாத்தம் போக வாஷிங் சோடா."

டாக்டரம்மா சிரிக்கவே இல்லை. "தோல் இன்னும் கையிலயே இருக்கே, பாய். அதைச் சொல்லுங்க" என்றார். காதர் பாய்தான் விழுந்து விழுந்து சிரித்தார். தேங்காய் எண்ணெயோடு போனார், ஆறிப்போயிற்று. எல்லாக் கையும் அப்படிச் சிரித்துக்கொண்டே ஆறியிருந்தால் நான் இன்று பூண்டு மணத்துக்குப் பதற வேண்டியதில்லை.

ஏனென்றால் உரியும் விரலுக்குப் பின்னால் அந்த நாட்களில் வேறொரு பெயர் நின்றது. பெரிய வியாதி, தொட்டால் தெரியாமல் விரலை மரக்க வைத்து அப்புறம் தின்கிறது. ஊரில் அதை முழுசாகக்கூடச் சொல்ல மாட்டார்கள். "அதுவா இருக்குமோ" என்பார்கள். எங்களையும் டாக்டரம்மா சொல்ல விட்டதில்லை. "பேரை எடுக்காதே. நீ எடுத்தா அது நமக்கு முன்னால லாரி ஏறி ஊருக்குப் போயிரும்."

அதனால் விரல் உரிகிறது என்று யார் வந்தாலும் அவருக்கு ஒரு வரிசை உண்டு. இரண்டு கையும் மேசைமேல், உள்ளங்கை மேல்பக்கம். குறை சொல்லாத கையை முதலில் பார்ப்பார். சுண்டுவிரலில் ஆரம்பிப்பார், ஏனென்றால் அந்த வியாதி பெரும்பாலும் சுண்டுவிரல் பக்கமாகத்தான் நுழையும். விரல் மடங்குகிறதா, பக்கத்து விரலோடு சேர்ந்து நிற்கிறதா என்று பார்ப்பார். பிறகு முழங்கையின் உள்பக்கம் ஓடும் நரம்பை, கயிறுபோலத் தடித்திருக்கிறதா என்று, தன் விரலடியில் உருட்டிப் பார்ப்பார். வெறுங்கையால். அப்புறம் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சுத் திரியால் தொடுவது. கடைசியாக இரண்டு கண்ணாடிக் குழாய்கள், ஒன்றில் சுடுதண்ணீர், ஒன்றில் பச்சைத் தண்ணீர். எது சுடுகிறது, எது குளிர்கிறது? இத்தனையும் முடிந்த பிறகுதான் உரிந்த இடத்துக்கே வருவார். அதுவரை வந்தவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. அந்த வேலைக்கு யாரும் பயிற்சி தரவில்லை.

ஐம்பதுகளின் கடைசியில், நடவுக்காக விதைப் பூண்டைப் பல் பல்லாக உடைக்கிற சமயத்தில், குருவம்மாள் வந்தாள்.

இருபது வயதுக்குள் இருக்கும். பிறந்தது கீழே கன்னிவாடியில், கட்டிக்கொடுத்தது வில்பட்டியில். கூடவே புருஷன் பெருமாள். மூட்டை தூக்குகிறவன், வாய் ஓயாதவன். அவள் இடது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். வெளியே எடுத்தபோது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மூன்றின் நுனியும் வெடித்து, தடித்து, அடுக்கடுக்காகத் தோல் தொங்கியது. ஆனால் நான் பார்த்தது அதை அல்ல. அவள் ரவிக்கை முன்பக்கம் நனைந்திருந்தது.

"கைப்பிள்ளையா?" என்று கேட்டேன்.

அவள் முந்தானையை நெஞ்சோடு இழுத்துப் போர்த்தினாள். பெருமாள்தான் சொன்னான், சிரிப்பு இல்லாமல். "எங்கம்மா பிள்ளைய வாங்கி வச்சுக்கிட்டாகங்க. விரலு இப்பிடி ஆனதிலருந்து இவளத் தொட விடுறதில்ல. ஆட்டுப்பால்தான் குடுக்காக."

"நீ ஒண்ணும் சொல்லலியா?"

"எங்கம்மாகிட்டயாங்க?" என்றான். அப்படி ஒரு காரியம் உலகத்தில் நடக்குமா என்பதுபோல.

"வியாதி இல்லைன்னு டாக்டர் சொல்லட்டும், பிள்ளையத் தாறேன்னாக" என்றாள் குருவம்மாள் மெதுவாக. "இருக்குன்னா, கன்னிவாடிக்கு நான் மட்டும் போகணுமாம்."

வரிசை தொடங்கியது. வலது கை. சுண்டுவிரல். முழங்கை நரம்பு. டாக்டரம்மாவின் முகத்தில் எதுவும் தெரியாது, தெரிந்ததில்லை. பஞ்சுத் திரியை என்னிடம் தந்தார். குருவம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். புறங்கையில் தொட்டேன். "தொடுதுங்க." சுண்டுவிரலில் தொட்டேன். "தொடுதுங்க." ஆள்காட்டி விரல் நுனியில் தொட்டேன். மௌனம். மறுபடி தொட்டேன். பஞ்சு வளைகிற அளவுக்குத் தொட்டேன்.

"இன்னும் தொடலிங்களே?" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

அவள் இன்னும் காத்துக்கொண்டிருந்தாள். அந்த மூடிய இமைகளை நான் எப்போது வேண்டுமானாலும் இப்போதும் பார்க்க முடியும்.

டாக்டரம்மா பஞ்சை வாங்கி வைத்தார். "அங்க தோல் செருப்பு மாதிரித் தடிச்சுக் கெடக்கு. பஞ்சு எப்படித் தெரியும்? தோல் ஆறட்டும், அப்புறம் மறுபடி பார்ப்போம்." என்னிடம் சொல்வதுபோல அவளிடம் சொன்னாரா, அவளிடம் சொல்வதுபோல என்னிடம் சொன்னாரா, தெரியாது. எந்தக் குழாய் சுடுகிறது, எது குளிர்கிறது என்று அவள் சரியாகத்தான் சொன்னாள். ஆனாலும் "இல்லை" என்ற வார்த்தையை டாக்டரம்மா சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் திரும்ப வாங்க முடியாத வார்த்தை அது. தேங்காய் எண்ணெய் தடவி மெல்லிய துணி சுற்றினோம். தண்ணீர் வேண்டாம், சோப்பு வேண்டாம், வேறு மருந்து எதுவும் வேண்டாம் என்று அனுப்பினோம்.

மறுவாரம் கொஞ்சம் ஆறியிருந்தது. அந்த வாரம் முழுக்க மழை, வேலை கிடையாது என்றாள். நான் அதைக் கேட்டேன், கேட்டு மறந்தேன். அதற்கடுத்த வாரம் கட்டைப் பிரித்தேன். பிரித்த கை நின்றுவிட்டது. பச்சைப் புண். கொப்புளம் உடைந்து, சிவந்து, முன்னைவிட மோசம்.

"என்ன போட்டே?" டாக்டரம்மா குரல் உயரவில்லை.

"ஒண்ணும் போடலிங்க."

"எண்ணெய்?"

"நீங்க குடுத்ததுதாங்க."

"மஞ்சள், சுண்ணாம்பு, வேப்பெண்ணெய்?"

"இல்லிங்க. சத்தியமா ஒண்ணும் போடலிங்க."

அவள் பொய் சொல்லவில்லை. அது அவள் முகத்தில் தெரிந்தது. அதுதான் என்னைக் கலக்கியது. ஒன்றும் போடாமல் ஒரு விரல் இப்படி ஆகுமென்றால், பிறகு அது எதுவாக இருக்கும்?

வாசல் நிலையில் சாய்ந்திருந்த பெருமாள் செருமினான். "இவ என்னத்தப் போடப் போறாங்க. எங்க ஊர்ல மருந்துன்னு தனியா எங்க கெடக்கு? தலவலின்னா பூண்டு, வயித்துவலின்னா பூண்டு, பிள்ள பெத்தா பூண்டு, மாடு படுத்துக்கிட்டா அதுக்கும் பூண்டு. பேயி புடிச்சாலும் பூண்டுதான். இவ விரலுக்கும் எங்கம்மா அதத்தான பச்சையா நசுக்கி, தொடாம குச்சியால தள்ளிவிட்டுச்சு. இவளே வச்சுக் கட்டிக்கிட்டா."

டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார்.

"பூண்டு போட்டியா?"

"பூண்டு மருந்தா, டாக்டரம்மா?" குருவம்மாள் நிஜமாகவே கேட்டாள். "அது வீட்ல கெடக்குறதுதானங்க."

தண்ணீர் குடித்தாயா என்று கேட்டால் யாராவது "மருந்து குடித்தேன்" என்பார்களா? வில்பட்டியில் பூண்டு அப்படி. அந்தப் பருவத்தில் அங்கிருந்து வரும் லாரி, லாரியில் வரும் ஆள், ஆள் போர்த்திய கம்பளி, எல்லாம் அதே மணம். எங்கள் பெஞ்சே மணக்கும். எங்கும் மணப்பது எதையும் சொல்வதில்லை. அவள் கட்டைப் பிரிக்கும்போது என் மூக்குக்கு நேரே இருந்தது, எனக்கு அது வில்பட்டியாகத்தான் மணத்தது.

டாக்டரம்மா இடுக்கியைக் கீழே வைத்தார். "விதைப் பூண்டு உடைக்கிறியா?"

"தெனமும்ங்க. வெள்ளனே உக்காந்தா மத்தியானம் வரைக்கும்."

"கையில பூண்டு இருக்குன்னு நெனச்சுக்கோ. எப்படி உடைப்ப? சும்மா காட்டு."

குருவம்மாள் ஒரு நிமிடம் விழித்தாள். பிறகு அவள் கைகள் தானாக எழுந்தன. இடது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கூடி, காற்றில் இல்லாத ஒரு பூண்டைப் பிடித்தன. வலது கை நகம் அதைக் கீறியது, திருகியது, பல் பல்லாகப் பிரித்தது. மோதிர விரலும் சுண்டுவிரலும் எதிலும் படாமல் ஒதுங்கி நின்றன. அந்த வெறுங்காற்றுப் பூண்டு எங்கெங்கே உட்கார்ந்ததோ அங்கங்கே புண். வேறு எங்கும் இல்லை. அச்சு எடுத்ததுபோல.

எனக்கு உடனே கத்த வேண்டும்போல் இருந்தது. டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். அவருக்குச் சந்தேகம் தீரும்வரை சந்தோஷம் கிடையாது. காதர் பாய் கடையிலிருந்து பூண்டு வாங்கிவரச் சொன்னார். அதன் சாற்றை நிறைய எண்ணெயில் கரைத்து, குருவம்மாளின் முழங்கை மடிப்புக்குக் கீழே ஒரு பொட்டு வைத்துத் துணி கட்டினார். என் கையில் ஒன்று. தன் கையில் ஒன்று. வெறும் எண்ணெய்ப் பொட்டு ஒன்று தள்ளி. அவள் பின்னறைக் கட்டிலில் தங்கினாள். பால் கட்டிக்கொண்டு துடித்தாள். ஒரு கிண்ணத்தில் பீய்ச்சி எடுத்து, அதை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். மூன்றாம் நாள் துணியைப் பிரித்தோம். எங்கள் இருவர் கையிலும் ஒன்றுமில்லை. அவள் கையில் பொட்டு வைத்த இடம் செக்கச்செவேல் என்று தடித்திருந்தது. எண்ணெய்ப் பொட்டு வைத்த இடத்தில் எதுவும் இல்லை.

"பூண்டுதான்" என்றார் டாக்டரம்மா. அப்போதும் சிரிக்கவில்லை. "தின்னலாம், வெந்தது ஒண்ணும் செய்யாது. தொடக் கூடாது. தொட்டா திரும்ப வரும், ஆயுசு முழுக்க."

எல்லாம் தீர்ந்தது என்றா நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன், கை கழுவுகிற நேரம் வரைக்கும். கை கழுவும்போது உறைத்தது. வில்பட்டியில் பூண்டு தொடாத மருமகளை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? நடவுக்கு ஆகாது, அறுப்புக்கு ஆகாது, உடைக்க ஆகாது, கட்ட ஆகாது. வியாதிக்காரி இல்லை என்று நிரூபித்து, வேலைக்காகாதவள் என்று எழுதிக் கொடுத்தது போலத்தானே?

விரல்கள் ஆறின. தேங்காய் எண்ணெய், துணி, பூண்டிலிருந்து தூரம், இவ்வளவுதான் மருந்து. இளஞ்சிவப்பாக, பூனைக்குட்டியின் பாதம் மாதிரி, புதுத்தோல் வந்தது. பஞ்சு தொட்டால் உடனே "தொடுதுங்க" என்றாள். அப்போதுதான் டாக்டரம்மா மாமியாரை வரச் சொல்லி அனுப்பினார்.

கருப்பாயி இடுப்பில் பிள்ளையோடு வந்தாள். நெடிய உருவம், கம்பளியை இறுக்கிச் சுற்றியிருந்தாள். மருமகள் உட்கார்ந்த பெஞ்சில் உட்காரவில்லை. பிள்ளை அம்மாவைப் பார்த்துக் கையை வீசியது. குருவம்மாள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் சொன்னார். கருப்பாயி கேட்டுவிட்டு மகனைப் பார்த்தாள்.

"ஏலே, திங்கலாமாம், தொடக்கூடாதாமுல்ல. இது எந்த ஊரு நாயம்? நான் பொறந்ததிலருந்து பூண்டுக்குள்ளதான் கெடக்கேன். எனக்கு ஒண்ணும் வரலியே!"

"ஒனக்கு வரப் பூண்டுக்கே பயம்மா" என்றான் பெருமாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஒருத்தருக்கு ஒத்துக்கும், ஒருத்தருக்கு ஒத்துக்காது" என்றார் டாக்டரம்மா.

"அம்மா, நீங்க படிச்சவுக." கருப்பாயியின் குரல் திடீரென்று தாழ்ந்தது. "எங்க அண்ணனுக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சுச்சு. விரல் நுனிதான். ஊருக்கு வெளிய குடிச போட்டாக. நாந்தான் கஞ்சி கொண்டுபோயி பாறைமேல வச்சுட்டு ஓடியாருவேன். ஒருநா அடுப்புக் கங்கைக் கையால எடுத்து வெளயாட்டுக் காட்டுனாரு. சுடலியாண்ணேன்னேன். எங்கன சுடுதுன்னு கேட்டாரு." பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். "நான் என்ன, வேணும்னேயா புடுங்கி வச்சுக்கிட்டேன்?"

டாக்டரம்மா கண்ணாடிக் குழாய்கள் பக்கம் கையைக் காட்டினார். என்னைப் பார்த்தார். நான் சுடுதண்ணீர்க் குழாயையும் பச்சைத் தண்ணீர்க் குழாயையும் கொண்டுவந்தேன். அவற்றை என்னிடமிருந்து வாங்கி, கருப்பாயியிடம் நீட்டினார். "நீயே வச்சுப் பாரு."

பிள்ளையை நான் வாங்கிக்கொண்டேன். கனமாக, வெதுவெதுப்பாக, ஆட்டுப்பால் வாடையோடு இருந்தது. குருவம்மாள் கண்ணை மூடிக்கொண்டு இடது கையை நீட்டினாள். கருப்பாயி அந்தக் கையைப் பிடிக்கத் தயங்கினாள். பிறகு பிடித்தாள். இத்தனை வாரங்களில் அந்த வீட்டிலிருந்து ஒருத்தர் அந்தக் கையைத் தொட்டது அப்போதுதான் என்று நினைக்கிறேன். பச்சைத் தண்ணீர்க் குழாயை வைத்தாள்.

"குளுருது, அத்தே."

சுடுதண்ணீர்க் குழாயை நடுவிரல் நுனியில் வைத்தாள். வைத்து எடுக்கவில்லை. அழுத்தினாள். நான் ஓர் அடி முன்னே போனேன். டாக்டரம்மா கையை நீட்டி என்னைத் தடுத்தார்.

"ஸ்ஸ்… சுடுதுத்தே!" குருவம்மாள் விரலை உருவிக்கொண்டாள்.

"சுடுதாடி?"

"சுடுதுத்தே."

"நல்லா சுடுதா?"

"நல்லாத்தான் சுடுது!" அழுதுகொண்டே கோபப்பட்டாள் குருவம்மாள்.

கருப்பாயி குழாயை மேசைமேல் வைத்துவிட்டு முகத்தைக் கம்பளிக்குள் புதைத்துக்கொண்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது என் கையிலிருந்து பிள்ளையை வாங்கித் தன் இடுப்பிலேயே வைத்துக்கொண்டாள். "வெரசாக் கெளம்புலே, லாரி போயிரும்" என்றாள் மகனிடம். அவ்வளவுதான்.

லாரி நிற்கும் இடம்வரை நானும் போனேன். போக வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை இன்னும் கை மாறவில்லையே! கருப்பாயி முன்னால் நடந்தாள், திரும்பிப் பார்க்காமல். பின்னால் குருவம்மாள், புது விரல்களைத் துணிக்குள் பொத்தியபடி. சுடுதண்ணீர் நிரூபித்தது ஒன்றைத்தானே. பூண்டுக் கணக்கு அப்படியே இருந்தது. அதைப் பற்றி அந்தப் பெரிய முதுகு என்ன நினைத்துக்கொண்டு போகிறது? கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. மூடுபனி இறங்கி, காலி மூட்டைகளோடு நின்ற லாரியை மறைத்துக்கொண்டிருந்தது. பெருமாள் ஏறிக்கொண்டு கையை நீட்டினான். குருவம்மாள் ஏறி ஓரத்தில் ஒண்டினாள். கருப்பாயி மட்டும் கீழேயே நின்றாள். டிரைவர் ஹாரன் அடித்தார்.

கருப்பாயி என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு பிள்ளையை இடுப்பிலிருந்து எடுத்து மேலே தூக்கினாள், மகன் கையைத் தாண்டி, அந்த ஓரத்துக்கு.

"இந்தா, புடி பிள்ளைய. பூண்டு ஒடைக்கிற சோலிய நான் பாத்துக்கிறேன்."